டிஎன்ஏவை வெட்டும் நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடநூல்களில் இந்த நொதிகள் பெரும்பாலும் மரபணுப் பொறியியலின் கருவிகளாகவே அறிமுகமாகின்றன. ஆனால், மனிதன் ஆய்வகம் கட்டுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவை செல்களுக்குள் வேலை பார்த்துவருகின்றன. இங்கு அந்த வேலையைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறோம். கருவி என்ற பேச்சு பிறகு வருகிறது.

இந்த நொதிகள் உண்மையில் எதை வெட்டுகின்றன?

டிஎன்ஏ இழையின் முதுகெலும்பில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறிக் கோக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை இணைப்பது பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு. நியூக்ளியேஸ் எனப்படும் நொதிகள் அந்தப் பிணைப்பில் ஒரு நீர் மூலக்கூற்றைப் புகுத்தி அதைப் பிளக்கின்றன. நடுவில் இணைசேர்ந்து நிற்கும் ஏ, டி, ஜி, சி என்ற காரங்களுக்கு இதனால் சேதமில்லை.

மூலக்கூறுக் கத்தரிக்கோல் என்று இவற்றை வர்ணிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கத்தரிக்கோல் எதையும் வெட்டும். இந்த நொதிகளில் பல, எந்த இடம், எந்த இழை, எந்த நேரம் என்று பார்த்த பிறகுதான் வெட்டுகின்றன. வெட்டுவதைவிட, வெட்டக் கூடாத நேரத்தில் அவற்றை அடக்கி வைப்பதற்குத்தான் செல் அதிகம் மெனக்கெடுகிறது.

டிஎன்ஏ தானாகவே அறுந்துவிடாதா? நொதி எதற்கு?

அறுந்துவிடாது. அறை வெப்பநிலையில் வெறும் நீர் ஒரு பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பைப் பிளக்க வேண்டுமானால், அதன் அரை ஆயுட்காலம் (பாதிப் பிணைப்புகள் பிளவுபட ஆகும் காலம்) ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரபுச் செய்தியைச் சேமிக்க இயற்கைக்கு இப்படியொரு பொருள்தான் ஏற்றது. அதே பிணைப்பை ஒரு நல்ல நியூக்ளியேஸ் ஒரு நொடிக்குள் பிளந்துவிடும்.

இதில் பெரும்பாலான நியூக்ளியேஸ்களுக்குத் துணை மெக்னீசியம் அயனி. அது பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையைத் தணித்து, நீர் தாக்குவதற்கு வழி செய்கிறது. டிஎன்ஏவைப் பாதுகாக்கும் கரைசல்களில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பது இதனால்தான். அது மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நொதி அருகிலேயே இருந்தும் பயனற்றுப்போகிறது.

எத்தனை வகை இருக்கின்றன?

முனையிலிருந்து ஒவ்வொரு நியூக்ளியோடைடாக (சர்க்கரை, பாஸ்பேட், காரம் சேர்ந்த ஓர் அலகு) கொறித்துக்கொண்டு போவது எக்ஸோநியூக்ளியேஸ். இழையின் நடுவில் வெட்டுவது எண்டோநியூக்ளியேஸ். ஒற்றை இழையை மட்டும் வெட்டுபவை, இரண்டு இழைகளையும் வெட்டுபவை, வளைந்தும் கிளைத்தும் கிடக்கும் அமைப்புகளை மட்டும் தேடிப்பிடித்து வெட்டுபவை என்று உட்பிரிவுகள் பல. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, இது எதைப் பார்த்து வெட்டுகிறது என்று ஒவ்வொன்றிடமும் கேட்பது நல்லது.

பாக்டீரியாவுக்குத் தடைகட்டு நொதி எதற்கு?

வைரஸிடமிருந்து தப்பிக்க. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள் தங்கள் டிஎன்ஏவை உள்ளே செலுத்துகின்றன. ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் எனப்படும் தடைகட்டு நொதி அதைத் துண்டாக்கிவிடுகிறது.

இது தெரியவந்த விதம் சுவையானது. ஒரு பாக்டீரியா வகையில் செழித்து வளர்ந்த ஃபேஜ், அதே இனத்தின் இன்னொரு வகைக்குள் போனால் திணறுகிறது. ஆனால் அங்கே தப்பிப் பிழைத்த சில ஃபேஜ்களின் சந்ததி மறுமுறை அதே வகைக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது. 1950களின் தொடக்கத்தில் சால்வடோர் லூரியா உள்ளிட்டோர் இந்த விந்தையைக் கண்டார்கள். சடுதிமாற்றம் என்று இதை விளக்க முடியவில்லை, ஏனென்றால் பழைய வகைக்குத் திரும்பினால் அந்தத் திறமை மறைந்துபோனது. சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஆர்பரும் டெய்சி துசுவாவும் 1962இல் இதற்கான விடை ஃபேஜின் டிஎன்ஏவிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். பாக்டீரியா தன் டிஎன்ஏவில் ஓர் அடையாளம் போடுகிறது. அடையாளம் இல்லாத டிஎன்ஏ வெட்டுப்படுகிறது.

1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் ஸ்மித்தும் கென்ட் வில்காக்ஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுவென்சா என்ற பாக்டீரியாவின் சாற்றில் ஃபேஜ் டிஎன்ஏவைக் கலந்தபோது, கரைசலின் பிசுபிசுப்பு குறைந்தது. நீண்ட மூலக்கூறுகள் துண்டாகின்றன என்று அதற்குப் பொருள். அந்தப் பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவைக் கலந்தால் பிசுபிசுப்பு மாறவேயில்லை. குறிப்பிட்ட காரவரிசையில் மட்டுமே வெட்டும் முதல் நொதி, ஹிண்ட்-2, இப்படித்தான் கிடைத்தது. ஆர்பர், ஸ்மித், டேனியல் நாதன்ஸ் மூவரும் 1978இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சொந்த டிஎன்ஏ வெட்டுப்படாமல் எப்படித் தப்புகிறது?

பெரும்பாலான தடைகட்டு நொதிகளுக்கு இணையாக ஒரு மெத்தில்டிரான்ஸ்ஃபெரேஸ் நொதி உண்டு. வெட்டும் நொதி தேடும் அதே காரவரிசையை இதுவும் தேடிப்போய், அங்குள்ள ஒரு காரத்தில் மெத்தில் தொகுதி என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வெட்டும் நொதியால் அந்த இடத்தைப் பிளக்க முடியாது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய இழையில் அடையாளம் இருக்கும், புதிய இழையில் இருக்காது. அந்தப் பாதி அடையாளமே வெட்டைத் தடுக்கப் போதும். சிறிது நேரத்தில் மெத்தில் நொதி வந்து மறுபாதியையும் நிரப்பிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. இரண்டு நொதிகளின் மரபணுக்களும் ஒரு பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) இருந்து, செல் அந்தப் பிளாஸ்மிடைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும்? தலைமுறை செல்லச்செல்ல மெத்தில் நொதி நீர்த்துப்போகிறது. மிஞ்சியிருக்கும் ஒருசில வெட்டு நொதி மூலக்கூறுகள் அடையாளமற்ற குரோமோசோமை வெட்டி அந்தச் செல்லைக் கொன்றுவிடுகின்றன. காவலுக்கு வந்தவர் வேலையை விட்டு அனுப்பவும் விடாத கதைதான். இவற்றை முழுக்க முழுக்கப் பாக்டீரியாவின் நலனுக்கானவை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

ஃபேஜ் வைரஸ்கள் சும்மா இருக்குமா?

இருப்பதில்லை. டி4 ஃபேஜ் தன் டிஎன்ஏவில் சைட்டோசினுக்குப் பதிலாக மாற்றியமைத்த ஒரு காரத்தைப் பயன்படுத்தி, அதன்மேல் குளுக்கோஸையும் ஒட்டிவிடுகிறது; பெரும்பாலான தடைகட்டு நொதிகளுக்கு அது பிடிபடுவதில்லை. அதோடு நிற்காமல், தன்னுடைய நியூக்ளியேஸ்களால் பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைத்து அந்தத் துண்டுகளிலிருந்தே புதிய ஃபேஜ் டிஎன்ஏவைக் கட்டுகிறது. டி7 ஃபேஜின் ஓசிஆர் என்ற புரதம் வடிவத்திலும் மின்சுமையிலும் டிஎன்ஏவைப்போலவே நடித்து, வெட்டு நொதியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. பதிலுக்குப் பாக்டீரியாவும் மாற்றியமைத்த காரங்களை மட்டுமே குறிவைத்து வெட்டும் நொதிகளை வளர்த்துக்கொண்டது.

வெட்டும் இடத்தை நொதி எப்படி அறிகிறது?

ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து கிடைத்த ஈகோஆர்-1 என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். அது தேடும் வரிசை ஜி-ஏ-ஏ-டி-டி-சி. எதிர் இழையை எதிர்த்திசையில் படித்தாலும் அதே வரிசைதான் வரும். நொதியும் ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்தது. ஒவ்வொரு பாதியும் ஓர் இழையைப் பார்த்துக்கொள்கிறது. நொதி முதலில் டிஎன்ஏவின் ஏதோ ஓர் இடத்தில் தளர்வாக ஒட்டி, வழுக்கியும் தாவியும் தேடுகிறது. சரியான வரிசை கிடைத்ததும் டிஎன்ஏவை வளைத்து இறுகப் பிடிக்கிறது. அப்போதுதான் வெட்டு நடக்கும் பகுதியான வினைமையம் சரியாக அமைகிறது. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வெட்டும் வேகம் பல்லாயிரம் மடங்கு விழுந்துவிடும்.

காரங்கள் சீராகக் கலந்திருந்தால், ஆறெழுத்து வரிசை சராசரியாக 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை வரும். நான்கெழுத்து வரிசை 256க்கு ஒருமுறை. நாட்-1 நொதி தேடும் எட்டெழுத்து வரிசை 65,536க்கு ஒருமுறை. நடைமுறையில் மனித டிஎன்ஏவில் இந்தக் கணக்கு பிசகும், ஏனென்றால் சியை அடுத்து ஜி வரும் இடங்கள் நம்மிடம் மிகக் குறைவு.

ஈகோஆர்-1 இரு இழைகளையும் நேருக்குநேர் வெட்டாமல் சற்றுத் தள்ளித்தள்ளி வெட்டுவதால், ஒவ்வொரு முனையிலும் நான்கெழுத்து ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதி வெட்டிய வேறெந்த டிஎன்ஏவின் முனையும் அதனுடன் பொருந்தும்.

ஆய்வகத்துக்கு இவை வந்ததால் என்ன மாறியது?

1971இல் கேத்லீன் டன்னாவும் நாதன்ஸும் எஸ்வி40 என்ற வைரஸின் டிஎன்ஏவை வெட்டி 11 துண்டுகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு மரபணுத்தொகுதிக்கு வரைபடம் போட முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்கியது. 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் ஈகோஆர்-1 வெட்டிய துண்டுகளைப் பிளாஸ்மிடில் ஒட்டிப் பாக்டீரியாவில் பெருக்கினார்கள். 1978இல் பாக்டீரியா மனித இன்சுலினைத் தயாரித்தது. 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

நோய் கண்டறிவதிலும் பயன் இருந்தது. அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபின் மரபணுவின் ஓரிடத்தில் ஏ என்பது டி ஆகிறது. எம்எஸ்டி-2 என்ற நொதி வெட்டும் இடம் சரியாக அங்கேயே இருக்கிறது. சடுதிமாற்றம் வந்தால் அந்த இடம் அழிந்துபோகும். இரண்டு சிறு துண்டுகள் வரவேண்டிய இடத்தில் ஒரு நீளமான துண்டு வந்தால், அந்த மரபணு மாறியிருக்கிறது என்று பொருள்.

நம் உடலின் செல்களிலும் டிஎன்ஏ வெட்டப்படுகிறதா?

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும். ஒரு மனிதச் செல்லில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 இடங்களில் காரங்கள் தாமாகவே உதிர்கின்றன. அப்படி வெற்றிடமான ஒவ்வோர் இடத்தையும் சரிசெய்ய, ஏபி எண்டோநியூக்ளியேஸ் முதலில் அந்த இழையை வெட்டியாக வேண்டும். புற ஊதாக்கதிர் பட்டுக் காரங்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால், எக்ஸ்பிஎஃப், எக்ஸ்பிஜி என்ற இரு நொதிகள் பழுதின் இருபுறமும் வெட்டி, 24 முதல் 32 நியூக்ளியோடைடு நீளமுள்ள துண்டையே அகற்றுகின்றன. காலியிடத்தை, டிஎன்ஏவைக் கட்டும் நொதியான பாலிமரேஸ் நிரப்புகிறது. இந்தப் பழுதுநீக்கத்தில் குறை உள்ளவர்களுக்கு ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வருகிறது. வெயில் அவர்களின் தோலில் புற்றுநோயை விதைக்கிறது.

டிஎன்ஏ இரட்டிப்பிலும் வெட்டு இல்லாமல் காரியம் நடக்காது. பாலிமரேஸ் தவறான எழுத்தைச் சேர்த்துவிட்டால் தன்னிடமே உள்ள எக்ஸோநியூக்ளியேஸால் அதை அகற்றிவிட்டுத் தொடர்கிறது. புதிதாக உருவாகும் இரு இழைகளில் ஒன்று (பின்னடையும் இழை) சிறுசிறு துண்டுகளாகவே உருவாவதால், ஒருமுறை செல் பிரிவதற்கே கோடிக்கணக்கான துண்டுகளின் நுனியை ஃபென்-1 என்ற நொதி நறுக்கிச் சீராக்க வேண்டியிருக்கிறது.

டோபோஐசோமரேஸ் என்பதும் வெட்டும் நொதிதானா?

ஆம், ஆனால் வெட்டியதை உடனே ஒட்டிவிடும் நொதி. இரட்டைச்சுருள் பிரியும்போது முன்னால் உள்ள பகுதி முறுக்கேறும். பிரியும் ஒவ்வொரு 10.5 காரஇணைக்கும் ஒரு சுற்று. அந்த முறுக்கைத் தளர்த்த முதல் வகை ஒரே இழையை வெட்டுகிறது. இரண்டாம் வகை இரண்டையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு இரட்டைச்சுருளைக் கடத்திவிட்டு மூடுகிறது.

வெட்டப்பட்ட முனையை அது கைவிடுவதில்லை. நீருக்குப் பதிலாக நொதியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலமே பாஸ்பேட்டுடன் பிணைந்துகொள்வதால், முனை நொதியிடமே இருக்கிறது. இந்த இடைநிலையைத்தான் மருந்துகள் குறிவைக்கின்றன. எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து, வெட்டிய நிலையிலேயே நொதியை உறைய வைக்கிறது. ஒட்டப்படாத முறிவுகள் குவிந்து செல் மடிகிறது. சிப்ரோஃப்ளாக்சசின், பாக்டீரியாவின் டோபோஐசோமரேஸான டிஎன்ஏ கைரேஸுக்கு இதையே செய்கிறது. இரண்டுமே நொதியைத் தடுக்கும் மருந்துகள் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நொதியை நஞ்சாக்கும் மருந்துகள் என்பதே சரி.

நோயெதிர்ப்பு மண்டலம் ஏன் தன் மரபணுக்களை வெட்டிக்கொள்கிறது?

நம்மிடம் உள்ள மரபணுக்கள் சுமார் 20,000. உடல் உருவாக்கக்கூடிய எதிர்ப்புரத (ஆன்டிபாடி) வகைகளோ கோடிக்கணக்கானவை. எதிர்ப்புரத மரபணு முழுமையாக இல்லாமல் துண்டுத்துண்டாகக் கிடப்பதே இதற்கு விடை. இதைக் கண்ட சுசுமு தொனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ராக்-1, ராக்-2 என்ற இரு புரதங்கள் சேர்ந்து, துண்டுகளின் ஓரத்திலுள்ள அடையாள வரிசையில் இரு இழைகளையும் வெட்டுகின்றன. பிறகு பழுதுநீக்கும் நொதிகள் வெவ்வேறு துண்டுகளை ஒட்டுகின்றன. ஒட்டும்போது சில எழுத்துகள் கூடவும் குறையவும் செய்கின்றன, அந்த ஒழுங்கின்மையே பன்மையைப் பெருக்குகிறது. இந்தப் புரதங்கள் வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தைக்கு பி செல்லும் இல்லை, டி செல்லும் இல்லை.

இவ்வளவு அபாயகரமான நொதியைச் செல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது? லிம்போசைட்டுகள் (பி, டி செல்கள்) உருவாகும் குறிப்பிட்ட கட்டங்களில் மட்டுமே இது தயாரிக்கப்படுகிறது. செல் டிஎன்ஏவை இரட்டிக்கத் தொடங்கும் முன் ராக்-2 சிதைக்கப்பட்டுவிடுகிறது. அப்படியும் தவறான இடத்தில் வெட்டு விழுவதுண்டு. சிலவகை ரத்தப் புற்றுநோய்களில் அதன் தடயம் காணப்படுகிறது.

விந்தணு, கருமுட்டை உருவாகும்போதும் டிஎன்ஏ வெட்டப்படுமா?

திட்டமிட்டே வெட்டப்படுகிறது. ஸ்போ-11 என்ற புரதம் ஒடுக்கற்பிரிவின்போது குரோமோசோம்களில் இரட்டை இழை முறிவுகளை உண்டாக்குகிறது. எலியின் ஒரு செல்லில் அவை 200 முதல் 300 வரை. முறிந்த இடத்தைச் சரிசெய்ய, தாய்வழி குரோமோசோமும் தந்தைவழி குரோமோசோமும் ஒன்றையொன்று தேடி இணைசேர்கின்றன. முறிவுகளில் சிறுபகுதி, இரு குரோமோசோம்களும் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் குறுக்கெதிர் மாற்றமாக முடிகிறது. ஒவ்வோர் இணைக்கும் குறைந்தது ஒன்றாவது அமையாவிட்டால் குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல் போகலாம். உடன்பிறந்தவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாததற்கு இந்த வெட்டுகளும் ஒரு காரணம்.

செல் இறந்த பிறகு அதன் டிஎன்ஏ என்ன ஆகிறது?

தானாகத் திட்டமிட்டு இறக்கும் செல்லில் சிஏடி என்ற நொதி நியூக்ளியோசோம்களுக்கு (புரதத்தைச் சுற்றிக்கிடக்கும் டிஎன்ஏ உருண்டைகள்) இடையே வெட்டுகிறது. அதனால் துண்டுகளின் நீளம் சுமார் 180 காரஇணைகளின் மடங்குகளாக வரும். இந்த நொதி மற்ற நாட்களில் ஐசிஏடி என்ற புரதத்துடன் பிணைந்தே கிடக்கிறது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் நொதி சரியாக மடிந்து உருப்பெறவே முடியாது. ஆகவே, தன்னைத் தடுப்பவர் இல்லாமல் இது பிறப்பதேயில்லை. கேஸ்பேஸ் என்ற நொதி ஐசிஏடியை உடைத்த பிறகுதான் வெட்டு தொடங்குகிறது. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

வெளியே சிந்தும் டிஎன்ஏவையும் அகற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் நோயெதிர்ப்பு மண்டலம் அதை வைரஸ் என்று எண்ணிக் கிளர்ந்தெழும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாகும்போது உதறித்தள்ளும் உட்கருக்களை, கழிவுகளை விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்கள் விழுங்கி, டிஎன்ஏஸ்-2 என்ற நொதி மூலம் செரிக்கின்றன. இந்த நொதி இல்லாத எலிகள் கடும் ரத்தசோகையால் பிறக்கும் முன்பே இறக்கின்றன. டிஎன்ஏஸ்1எல்3 என்ற இன்னொரு நொதியின் குறைபாட்டால், நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் குடும்பவழியாக வருவது 2011இல் தெரியவந்தது.

டிஎன்ஏவை வெட்டும் நொதியை மருந்தாகத் தரமுடியுமா?

தந்துகொண்டிருக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளி கெட்டியாவதற்கு ஒரு காரணம், மடிந்த வெள்ளையணுக்களின் டிஎன்ஏ அதில் நிறைந்திருப்பது. மனித டிஎன்ஏஸ்-1 நொதியை மூச்சுவழி உள்ளிழுக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்து 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உணவில் உள்ள டிஎன்ஏ நம் மரபணுக்களை மாற்றுமா?

மாற்றாது. கணையம் சுரக்கும் டிஎன்ஏஸ்-1 முதலானவை அதைக் குடலிலேயே துண்டாக்கிவிடுகின்றன.

கிரிஸ்பர் மற்ற நொதிகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

ஈகோஆர்-1 தேடும் வரிசை அதன் புரத வடிவிலேயே பொதிந்திருக்கிறது. வேறு வரிசையை வெட்ட வேண்டுமானால் புரதத்தையே மாற்ற வேண்டும். 1996இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரனின் குழு ஃபோக்-1 நொதியின் வெட்டும் பகுதியை, டிஎன்ஏ வரிசையை அடையாளம் காணும் துத்தநாக விரல் புரதங்களுடன் இணைத்து அந்த வழியில்தான் போனது. அது பலித்தது, ஆனால் ஒவ்வோர் இலக்குக்கும் புதிய புரதம் வடிவமைக்க வேண்டியிருந்தது. கிரிஸ்பர் முறையில் வெட்டும் காஸ்9 நொதியோ தன்னுடன் உள்ள ஆர்என்ஏவின் 20 எழுத்துகளை வைத்து இலக்கைத் தேடுகிறது. ஆர்என்ஏவை மாற்றினால் இலக்கு மாறிவிடும். ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவெல் ஷார்பாந்தியேயும் 2012இல் இதைக் காட்டி, 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதுவும் பாக்டீரியாவின் வைரஸ் தடுப்பு முறைதான். பழைய வைரஸ்களின் டிஎன்ஏ துணுக்குகள் குரோமோசோமிலேயே சேமிக்கப்பட்டிருப்பதால், அந்தச் சேமிப்பையே காஸ்9 வெட்டிவிடும் ஆபத்து உண்டு. இலக்கை ஒட்டி பாம் என்ற சிறு வரிசை இருந்தால் மட்டுமே அது வெட்டும். சேமிப்பில் அந்த வரிசை இருக்காது.

அப்படியானால் மரபணுவைத் திருத்துவது காஸ்9தானே?

இல்லை. செய்திகளில் அடிக்கடி காணும் குழப்பம் இது. காஸ்9 வெட்டுவதோடு சரி, திருத்துவது செல்லின் சொந்தப் பழுதுநீக்கம். முனைகளை அவசரமாக ஒட்டும் வழி சில எழுத்துகளைத் தொலைத்து அந்த மரபணுவை முடக்கக்கூடும். மாதிரி டிஎன்ஏவைக் கொடுத்தால் அதைப் பார்த்து நிரப்பும் வழியும் உண்டு, ஆனால் பிரியாத செல்களில் அது அரிது. அரிவாள் செல் நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி சிகிச்சை முதல் வழியையே நம்புகிறது. பழுதான எழுத்தை அது தொடுவதே இல்லை. பிசிஎல்11ஏ மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை முடக்கி, கருவிலிருக்கும்போது சுரந்த ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்கிறது.

தடைகட்டு நொதியைச் சேர்த்தும் என் டிஎன்ஏ வெட்டுப்படவில்லை. ஏன்?

முதலில் மெத்தில் அடையாளத்தைச் சந்தேகிக்கலாம். வழக்கமான ஈ.கோலையில் வளர்த்த பிளாஸ்மிடின் ஜி-ஏ-டி-சி வரிசைகளில் மெத்தில் ஒட்டியிருக்கும். டி-ஜி-ஏ-டி-சி-ஏ வரிசையைத் தேடும் பிசிஎல்-1 அங்கே வெட்டாது. அந்த மெத்தில் நொதி இல்லாத வகையில் பிளாஸ்மிடை வளர்த்தால் வெட்டும். அடுத்து, டிஎன்ஏவுடன் ஈடிடிஏ மிகுதியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெட்டக் கூடாத இடங்களிலும் வெட்டினால் கிளிசராலைச் சந்தேகிக்கலாம். நொதிகள் 50 விழுக்காடு கிளிசராலில் வருகின்றன. மைனஸ் 20 டிகிரியிலும் அவை உறையாமல் இருப்பதற்கு அதுவே காரணம். நொதியின் அளவு வினைக்கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கிளிசராலும் கூடி, நொதி தன் வரிசையைப் போன்ற பிற வரிசைகளையும் வெட்டத் தொடங்கும்.